பொடி எழுத்தில் ஒரு யானை

போன வாரம் மருந்துக் கடையில் தங்கை மகள் ஒரு சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இதுல சோப்புன்னே போடலியே? 'பேத்திங் பார்'னு போட்டிருக்கு."

"எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார் கடைக்காரர்.

ஒன்றில்லை. டாய்லெட் சோப்பு என்றால் நம் நாட்டுத் தர விதிப்படி கொழுப்புப் பொருள், அதாவது டி.எஃப்.எம்., முதல் தரத்துக்கு 76 சதவிகிதமாவது வேண்டும். மூன்றாம் தரத்துக்கு 60. பேத்திங் பாருக்கு 40 போதும். அதனால் அது மட்டம் என்று சொல்ல வரவில்லை. சாமான் வேறு. உறையில் உண்மையைத்தான் போட்டிருக்கிறார்கள். சோப்பு என்று படித்துக்கொண்டது நாம்.

பக்கத்து அலமாரி முழுக்க இதே கதைதான். 'டெர்மட்டாலஜிகலி டெஸ்டட்'. சோதித்தார்கள், சரி, சோதனையில் என்ன தெரிந்தது? அதைச் சொல்லவில்லை. 'அன்சென்ட்டட்' என்றால் வாசனைப் பொருளே கிடையாது என்று நினைப்போம். மூலப்பொருளின் நெடியை அமுக்க வாசனை சேர்த்துவிட்டும் அப்படி எழுதுவதுண்டு. 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லுக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 1975-ல் ஒரு விதி கொண்டுவந்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய் அதைச் செல்லாமல் ஆக்கிவிட்டன. இன்றுவரை அங்கே அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி ஓர் அர்த்தம் இல்லை.

ஒவ்வொரு சொல்லும் மெய். ஆனால் மொத்தத்தில் நாம் ஏமாறுகிறோம். இது பொய்யா, இல்லையா?

மகாபாரதம் இந்தக் கேள்வியை எப்போதோ கேட்டுவிட்டது. பீமன் கொன்ற யானைக்கும் அசுவத்தாமா என்றுதான் பெயர். 'அசுவத்தாமா இறந்தான்' என்று உரக்கச் சொல்லிவிட்டு, 'யானை' என்பதைத் தருமர் முணுமுணுத்தார். அந்த யானைதான் இன்றைக்கு டப்பாவின் பின்பக்கத்துப் பொடி எழுத்து. சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் அதுவரை மண்ணில் படாமல் ஓடிய அவர் தேர் அன்று தரையில் இறங்கியது. கேட்பவர் தப்பாகத்தான் புரிந்துகொள்வார் என்று தெரிந்தே சொன்னால், சொல் மெய்யாக இருந்தும் பிரயோஜனமில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டு கம்பெனிக்காரர்களைத் திட்டலாம். ஆனால் எனக்கு அந்த யோக்யதை இல்லை.

தங்கைக்கு வரன் தேடியபோது பேப்பர் விளம்பரம் எழுதியவன் நான். 'மாநிறம்' என்று போட்டேன். அவள் நல்ல கறுப்பு. "மாநிறத்துக்கு அளவுகோலா இருக்கு? இதிலே என்ன பொய்?" என்று அம்மாவிடம் வாதாடினேன். தங்கை அதை வாங்கிப் படித்தாள். ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தாள். நான் போட்ட லேபிளில் ஏமாந்தது மாப்பிள்ளை வீட்டார் இல்லை. அவர்கள் நேரில் வந்து பார்த்துத்தான் சம்மதித்தார்கள். தன் நிறம் மறைக்க வேண்டிய ஒன்று என்று அன்று தெரிந்துகொண்டவள் அவள்தான்.

1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-ல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயரை மாற்ற ஒரு நாள் போதும். வாங்குகிற மனசுக்குள் இருக்கும் பழைய பெயரை யார் மாற்றுவது?

மருமகள் சோப்பை வைத்துவிட்டு, 'பளபளப்பு' என்று போட்ட ஒரு ட்யூபைக் கையில் எடுத்தாள். திடீரென்று கேட்டாள்: "மாமா, நான் மாநிறம்தானே?"

"இல்லை கண்ணு, கறுப்பு. உங்கம்மா மாதிரி. உங்கம்மா மாதிரியே லட்சணம்."

இருபத்தைந்து வருஷம் தாமதமாக வந்த பிழை திருத்தம்.