உயிரணுவின் பேச்சு அறிவாகுமா?

உடம்பின் உயிரணுக்கள் தம்முட் பேசுகின்றன என உயிர்நூலார் கூறுதலைப் பற்றிக்கொண்டு, அறிவென்பது அவற்றின் கூட்டமே, வேறோர் ஆன்மா வேண்டா என்பாரும் உளர். இதனைச் சிறிது ஆராய்வாம்.

உயிரணுவினுள் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பு உளது. உணவின் ஆற்றலால் புரோட்டான்கள் அதன் உட்சவ்வின் ஒருபுறந் தேங்கி, அணைநீர் மதகுவழிப் பாய்ந்தாற்போல மீளப் பாயுங்கால் ஏ.டி.பி. என்னும் ஆற்றற்பொருள் பிறக்கும். 1961இல் பீட்டர் மிட்செல் இதனை உரைத்தபோது ஐயுற்றாரே பலர். 1978இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். ஆண்டு மின்னணுக்களைக் கடத்தித் துணைபுரியும் சைட்டோகுரோம் சி என்னும் புரதமே, வெளியே கசியுமாயின் அவ்வணுவின் சாவைத் தொடங்கிவைக்கின்றது. வாழ்விப்பதும் மாய்ப்பதும் ஒருபொருளே! கருவிலுள்ள குழவியின் விரல்கள் பிரிவதும், அயலணுக்களின் செய்தியால் இடைநின்ற அணுக்கள் மாய்தலானேயாம்.

இதனைத் தியாகமென்று போற்றுவாரைக் கண்டிருக்கின்றோம். வியப்புத் தகும், சொல் தகாது. கொடாதொழியவும் வல்லானுக்கன்றோ தியாகம்? செய்தி அணுவிற் பொருந்துதல், திறவுகோல் பூட்டிற் பொருந்துதலையொக்கும். பூட்டுத் திறந்தது, அறிந்தவர் யார்?

அற்றேல், பூட்டுக்கள் பல கூடியவிடத்து அறிவு தோன்றாதோ எனின், தோன்றுமாற்றை அவரே காட்டல் வேண்டும். வெற்றிலையும் பாக்குஞ் சுண்ணமுங் கூடச் செம்மை பிறத்தல்போல என்னும் உலகாயதர் உவமை ஈண்டுச் செல்லாது. அச்செம்மையும் காண்பானொருவனுக்கே புலனாம் ஆகலின்.

இனி, நம்மவருட் சிலர் அணுநூலையே இகழ்வர், அது வேண்டா. சிவஞானபோத நான்காஞ் சூத்திரம் ஆன்மாவை அரசனோடும் அந்தக்கரணங்களை அமைச்சரோடும் உவமித்தது. அவ்வமைச்சர்க்குக் கீழ் ஏவலர் எத்துணையர் என இந்நூலார் எண்ணுகின்றனர், எண்ணுக.