அணியும் அரணும்

என் நண்பர் ஒருவர் இங்கிலாந்தின் பழைய வெள்ளிக் காசுகளைச் சேர்ப்பவர். லண்டனில் சில ஆண்டுகள் இருந்து திரும்பியவர். விக்டோரியா மகாராணியின் உருவம் பொறித்த 1847-ஆம் ஆண்டுக் 'கோதிக் கிரவுன்' ஒன்று அவரிடம் இருக்கிறது. அந்த ஆண்டு தேதியுடன் அடித்தவை ஏறக்குறைய 8,000 தாம். மற்றக் காசுகளை ஆசையோடு எடுத்துக் காட்டுகிறவர், இதைக் காட்ட மட்டும் தயங்குவார்.

காரணத்தை ஒருநாள் அவரே சொன்னார். அங்கே அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி ஒரு மூதாட்டி. கணவர் வைத்துவிட்டுப் போன காசு என்று இதைக் கொண்டுவந்து, "என்ன பெறும்?" என்று கேட்டாளாம். இவர் வெள்ளியின் எடைக்கு விலை சொன்னார். அவள் நன்றி கூறி வாங்கிக்கொண்டு போனாள்.

"நான் பொய் சொல்லவில்லையே! இருபது வருஷம் படித்த படிப்புக்குக் கூலி கிடையாதா?" என்றார்.

உண்டு. தொழில் தெரிந்த வியாபாரியிடம் பேசாமல் வாங்கினால் அது சாமர்த்தியம். நம்பிக் கேட்டவளிடம் பேசாமல் இருந்தால் அதற்கு என்ன பெயர்?

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வெள்ளிக் காசின் ஓரத்தைக் கத்தரித்துத் திருடினார்கள். அரசன் தலை அப்படியே இருக்கும், எடைதான் குறையும். மரண தண்டனைகூட அதைத் தடுக்கவில்லை. பழைய காசுகளை உருக்கிப் புதிதாக அடிக்க 1696-இல் ஏற்பாடு செய்தபோது, அவற்றில் பல ஏறக்குறையப் பாதி எடையை இழந்திருந்தன. நியூட்டன் நாணயச்சாலைக்கு அதிகாரியாக வந்ததும் அந்த ஆண்டுதான்.

அதற்கு முன்பே, 1662-இல், இயந்திரத்தில் அடித்த கிரவுனின் ஓரத்தில் லத்தீன் எழுத்துக்களைப் பொறித்தார்கள். 'அணியும் அரணும்' என்பது அவற்றின் பொருள். வெட்டினால் எழுத்து சிதையும், திருட்டு வெளிப்படும். நண்பருடைய காசின் ஓரத்திலும் அதே சொற்கள் இருக்கின்றன.

அவர் சொன்ன விலையில் பொய் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் கத்தரிக்கோல். சட்டம் அதைத் தண்டிக்காது, மூதாட்டிக்கும் தெரியாது. ஆனாலும் அந்தக் காசைத் தொடும்போது அவர் விரல் கூசுகிறதே, ஏன்?

உலோகத்துக்கும் உள்ளத்து நேர்மைக்கும் தமிழில் 'நாணயம்' என்று ஒரே பெயர்தான். முதலாவதை நண்பர் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார். மற்றதன் ஓரத்தில் பட்ட வெட்டு அவருக்கு மட்டுமே தெரிகிறது. அது தெரிகிறவரையில், அவரிடம் எழுத்து முழுதும் அழிந்துவிடவில்லை என்றுதான் நான் நம்புகிறேன்.