சாவகர் வழக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே கிழக்கு நோக்கிப் புறப்படும் பஸ்ஸின் கொண்டக்டர் ‘சாவச்சேரி, சாவச்சேரி’ என்று ககரத்தை விழுங்கிக் கூவுவார். இந்தியாவிலிருந்து வரும் அன்பரோ பெயர்ப்பலகையைச் ‘சாவ – கச்சேரி’ என்று பிரித்து வாசித்து, ஏதோ சங்கீத சபை நடந்த ஊர் போலும் என்று எண்ணிக்கொள்வார். கச்சேரி என்றால் நமக்கு அரசாங்க அதிபரின் காரியாலயம் என்பதை அவர் அறியார். இவ்விரண்டையும் சிரித்துவிட்டு விடலாம். பண்டிதர்கள் இப்பெயரை வைத்து நடத்தும் வழக்கு அவ்வளவு எளிதிற் தீர்வதன்று.

சேரி என்பது ஓரினத்தார் கூடி வாழும் குடியிருப்பு என்பதில் ஐயமில்லை. சாவகர் யார் என்பதிலேதான் கட்சி இரண்டாகின்றது. தம்பதெனியாவில் இரண்டாம் பராக்கிரமபாகு ஆண்ட காலத்தில், 1247ஆம் ஆண்டிலே, மலாயத் தீபகற்பத்துத் தாம்பிரலிங்கத்திலிருந்து படைகொண்டு வந்திறங்கிய சந்திரபானுவைச் சூளவம்சம் ஜாவகரின் அரசன் என்று குறிப்பதையும், அந்நூற்றாண்டிலேயே பொறிக்கப்பட்ட வீரபாண்டியனின் குடுமியான்மலைச் சாசனம் ஈழத்துச் சாவகன் மைந்தனைப் பற்றிப் பேசுவதையும் எடுத்துக்காட்டி, அச்சேனையைச் சேர்ந்தவர்கள் தங்கிய இடமே இவ்வூர் என்று ஒரு சாரார் சாதிப்பர். மதுரைக்காஞ்சியும் சிலப்பதிகாரமும் சமண இல்லறத்தாரைச் சாவகர் என்று வழங்குதலால், அருகனை வணங்கியோர் வாழ்ந்த சேரி இது என்பர் மற்றச் சாரார். மணிமேகலையிலோ சாவகம் ஒரு நாடு. ஆபுத்திரன் மறுபிறவியிலே புண்ணியராசனாகி ஆண்ட நாடு.

ஜாவகம் தேசத்தின் பெயர். சிராவகன் என்பது ‘கேட்பவன்’ என்னும் வடசொல். விலங்கின் குட்டியைக் குறிக்கும் சாவகம் இன்னொரு வடசொல். சகர ஜகரங்களை ஓரெழுத்தாலே எழுதி, மொழிமுதலில் இரு மெய் கூடுவதையும் ஏற்காத தமிழ், இம்மூன்றையும் ஒரே உருவத்தில் அடைத்துவிட்டது. சிராவகன் என்னும் ஒன்றை மட்டும் எடுத்தாலும் சமயத்துக்குச் சமயம் அதன் தகுதி ஏறி இறங்குகின்றது: சமணத்தில் அவன் அணுவிரதம் காக்கும் இல்லறத்தான், பௌத்தத்திலோ சாரிபுத்தரும் மொக்கல்லானருமே தலைமைச் சீடராகிய அக்கிர சிராவகர், இல்லறத்தானுக்கு உபாசகன் என்று வேறு பெயர், மகாயானத்தார் அந்தச் சிராவகனையும் போதிசத்துவனுக்குக் கீழே இறக்கிவைத்தனர். கேட்டலோடு காரியம் முடிந்துவிடாது, சிந்தித்தலும் தெளிதலும் நிட்டை கூடலும் பின்னே உள என்று விதித்த நம் சைவசித்தாந்திகளும் அவனை முதற்படியிலேயே நிறுத்தியிருப்பர்.

சொல் ஒன்றாயிருக்க வழக்கு வேறுபடுமானால் பொருளை நிர்ணயிக்கும் அதிகாரம் யாருடையது என்ற வினாவை, யாகம் பிழைத்துவிடக் கூடாதே என்ற கவலையால், மீமாம்சகர் போல் நுணுக்கமாக ஆராய்ந்தவர் இல்லை. ஒரு சொல்லுக்குப் பல பொருள் கற்பிப்பது அநியாயம் என்பது அவர்கள் கொள்கை. ஆயினும் யவம் என்ற சொல்லை ஒரு சாரார் நீண்ட கூருடைய வாற்கோதுமைக்கும், மற்றொரு சாரார் பிரியங்கு என்னும் தினைக்கும் வழங்கக் கண்டபோது, யாகத்திற் சேர்க்கவேண்டிய தானியம் எது என்று அவர்கள் திகைத்தனர். மற்றப் பயிர்கள் வாடும் பருவத்திலே செழித்து நிற்பது யவம் என்று வேதமே பின்னர்க் கூறுவதால் வாற்கோதுமை என்றே முடிவு செய்தனர். இராமாயணம் சொல்லும் யவத்தீவத்தின் பெயரும், அதனோடு சாவகத்தின் பெயரும், இதே யவத்திலிருந்து பிறந்தவை என்று கருதுவோர் பலர். நெல் விளையும் அந்த நாட்டிலே தினைக்கு இன்றும் ‘ஜவாவுத்’ என்றே பெயர் வழங்குவதை நோக்கினால், மீமாம்சையிலே தோற்ற கட்சி கடல் கடந்து போய்க் குடியேறிவிட்டதோ என்று தோன்றும்.

மீமாம்சையிலே அந்த யவ விசாரணையை அடுத்துவரும் அதிகரணமே எனக்கு மிக உவப்பானது. பிகம், தாமரசம் முதலிய சில சொற்கள் வேதத்திலே இருக்கின்றன. ஆரியர் வழக்கில் இல்லை. மிலேச்சர் மாத்திரம் அவற்றைக் குயிலுக்கும் தாமரைக்கும் வழங்குகின்றனர். தாதுவைப் பிரித்து நாமாக ஒரு பொருளைப் படைத்துக்கொள்வதா, மிலேச்சர் சொல்லும் பொருளை ஏற்பதா? பறவைகளை வளர்ப்பதிலும் பிடிப்பதிலும் அவர்களே வல்லுநர் என்ற நியாயத்தையும் காட்டி, அவர்கள் சொல்லும் பொருளையே மீமாம்சைக்குப் பாஷ்யம் செய்த சபரர் ஏற்றார். அவ்விடத்திலே தந்திரவார்த்திகம் எழுதிய குமாரிலபட்டர், திராவிடச் சொல்லுக்கு வடமொழிப் பொருள் தேடுவோரைக் கண்டிக்க எடுத்த உதாரணங்களைப் படிக்கும் தமிழன் புன்னகை செய்யாதிருக்க முடியாது. நம் சோற்றைச் சோரன் என்றும், பாம்பைப் பாபம் என்றும், வயிற்றை வைரி என்றும் அவர்கள் ஆக்கிவிடுகிறார்களாம். சோறு கேட்டவனுக்குக் கள்வனைக் காட்டும் பாண்டித்தியம் அது.

சிராவகர் கட்சியாரை அந்தக் கூட்டத்திலே சேர்ப்பது நீதியன்று. அவர்கள் காட்டும் சொல் பழைய தமிழ் நூல்களில் உள்ள சொல்லே. ஆனால் சபரர் காட்டிய வழியிலே, பொருளோடு பழகியவரின் நாவைக் கேட்போமானால், இத்தீவிலே சிங்கள மக்கள் இன்றும் மலாயரை ‘ஜா’ என்றே அழைக்கின்றனர். சமண இல்லறத்தானைச் சாவகன் என்றழைக்கும் வாயை நம் பக்கத்திலே நான் கேட்டதில்லை. அந்த அளவிலே என் மனம் ஜாவகர் பக்கம் சாய்கின்றது. தானும் புத்தசமயியே என்று சந்திரபானு சொல்லிக்கொண்டு இறங்கினானல்லவா, ஆகவே கேட்பவன் என்ற பொருளிலும் அவன் சாவகனே என்று எதிர்க்கட்சியார் ஒரு சமாதானத்துக்கு வரலாம். அவன் சொன்னது வஞ்சகம் என்று சூளவம்சம் அன்றே எழுதிவைத்துவிட்டது.