மேசை நாகரிகம் அறமாகுமா?

மேலைநாட்டு விருந்து மேசையில் முதன்முறை அமர்பவருக்கு உணவைவிடக் கருவிகளே பெரிதாகத் தோன்றும். தட்டின் இடப்பக்கம் முள்கரண்டிகள். வலப்பக்கம் கத்திகளும் சூப்புக் கரண்டியும். வெளிப்புறம் இருப்பதை முதலில் எடுத்து, அடுத்தடுத்த உணவுக்கு உள்நோக்கி வரவேண்டும். ரொட்டியைக் கத்தியால் அறுக்காது கையால் பிட்டு உண்ணவேண்டும். உண்டு முடித்தபின் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டின்மேல் இணையாக வைத்துவிட வேண்டும். இவற்றைக் கற்பது பண்பா, பகட்டா? கற்றவர் கல்லாதவரினும் உயர்ந்தவரா? வினா சிறிதாயினும், மனிதர் மனிதரை அளக்கும் அளவுகோலைப் பற்றியது. எனவே சற்று ஆழ்ந்து நோக்குவோம்.

ஐரோப்பியர் என்றும் முள்கரண்டியால் உண்டவர் அல்லர். 11-ஆம் நூற்றாண்டில் வெனிசு ஆட்சித்தலைவரை மணந்த பைசாந்தியப் பெண்ணொருவர் பொன் முள்கரண்டியால் உண்டதைப் புனித பீட்டர் தமியான் வன்மையாகக் கண்டித்து எழுதினார். உணவைக் கையால் தொட மறுப்பது அவருக்குச் செருக்காகப் பட்டது. 1608-இல் இத்தாலியில் பயணம் செய்த ஆங்கிலேயர் தாமஸ் கோரியட் அதே கருவியை வேறு கண்ணோடு கண்டார். பலர் பகிர்ந்துண்ணும் இறைச்சியில் விரல் படுவதை இத்தாலியர் விரும்பவில்லை. எல்லார் விரல்களும் ஒன்றுபோல் தூயவை அல்லவே என்பது அவர்கள் கருத்து என 1611-இல் தம் நூலில் எழுதினார். ஒருவர் ஆணவத்தையும் மற்றவர் அயலார்மீது அக்கறையையும் கண்டனர், கருவியோ ஒன்றே.

அவ்வக்கறையை வேறு விதிகளிலும் காணலாம். கத்தியின் கூர்விளிம்பு தட்டை நோக்கியிருக்க வேண்டும், அருகிருப்பவரை நோக்கலாகாது. பேசும்போது அதை அசைத்தலும் வாய்க்குள் கொண்டுசெல்லுதலும் கூடா. நோர்பெர்ட் எலியாஸ் என்னும் சமூகவியலார், 1939-இல் வெளியிட்ட தம் நூலில், கத்தியைச் சூழ்ந்த இத்தடைகளை ஐரோப்பியர் தம் வன்முறையை அடக்கக் கற்ற வரலாற்றோடு இணைத்துக் காட்டினார். அனைவருக்கும் பரிமாறும்வரை காத்திருப்பதும் அத்தகைய தன்னடக்கமே அன்றோ?

எனினும் மறுபக்கமும் உண்டு. 1840-இல் மின்முலாம் பூசும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வழங்கப்பட்டது. வெள்ளி முலாமிட்ட கரண்டிகள் நடுத்தர மக்களுக்கும் எட்டின. மீனுக்கு ஒன்று, சிப்பிக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று எனக் கருவிகள் பெருகின. பொருளால் தடுக்க முடியாதவரை அறிவால் தடுக்கும் வாயிற்காவலாக மேசை மாறியது. மீன் கத்தி வைத்திருப்பதையே புதுப்பணக்காரரின் அடையாளமென்று பழைய பிரபுக் குடும்பத்தார் எள்ளினர்!

அவ்வாயிலை ஏழைகளுக்குத் திறந்துவிட்டவர் உண்டு. பிரான்சில் ஏழைகள், கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நிறுவிய புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால், 1703-இல் கிறிஸ்தவ நன்னடை பற்றிய நூலொன்றை வெளியிட்டார். கத்தி, கரண்டி, முள்கரண்டி ஆகியவற்றைக் கையாளும் முறையும் அதில் உண்டு. இறைவனின் திருமுன் வாழ்கிறோம் என்ற உணர்விலிருந்தும், அயலாரிடம் காட்டும் மதிப்பிலிருந்தும் இந்நடத்தை பிறக்கவேண்டும் என்பது அவர் போதனை. செல்வர் வீட்டுப் பிள்ளை தாய்மடியில் கற்றதை ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியில் கொடுத்தார். இது பகட்டன்று, நீதி.

பரிசேயரான சீமோன் வீட்டு விருந்தில், கால் கழுவத் தண்ணீரும் வரவேற்பு முத்தமும் தரப்படாததை நம் ஆண்டவர் கவனித்தார் (லூக்கா 7). சிறு உபசாரங்கள் அவருக்குப் பொருளற்றவை அல்ல. ஆயினும் உண்ணுமுன் கைகழுவாததைக் கண்டு வியந்த வேறொரு பரிசேயரிடம், கிண்ணத்தின் உட்புறத்தைப் பற்றிப் பேசினார் (லூக்கா 11). அன்பு சிறு செயல்களிலும் வெளிப்படவேண்டும். அச்செயல்களோ அன்புக்கு ஈடாகா.

அப்படியாயின் உண்மைப் பண்பாளரை எங்ஙனம் அறிவது? 1530-இல் சிறுவருக்கென நன்னடை நூல் எழுதிய எராஸ்மஸ் ஒரு வழி காட்டுகிறார்: தான் தவறாதிருந்தும் பிறர் தவறுவதை எளிதில் பொறுத்துக்கொள்வதே நாகரிகத்தின் தலையாய பகுதி என்பது அவர் முடிவு. ஆகவே, தொழிலுக்காகவோ பயணத்துக்காகவோ கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கக் கற்கும் நம் பிள்ளைகள் தயங்காது கற்கட்டும். கையால் உண்ணும் பெற்றோரைக் கண்டு நாண மட்டும் கற்கவேண்டாம். எதிரில் இருப்பவர் தவறான கரண்டியை எடுக்கும்போது நம் கண்கள் எங்கே செல்கின்றன என்பதில்தான் நாம் கற்றது அறமா, அலங்காரமா என்பது விளங்கும்.