பூர்விகம் எதற்கு?

கடல் கடந்து போனவர்களுக்கு ஒரு கவலை உண்டு. பூர்விகத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பதே அது. பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கிறார்கள். குலதெய்வத்தின் படத்தைக் கூடத்தில் மாட்டுகிறார்கள். பாட்டனார் பிறந்த கிராமத்தின் பெயரைப் பேரனுக்கு மனப்பாடம் செய்விக்கிறார்கள். எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எதற்காகக் காப்பாற்ற வேண்டும்? காப்பாற்றிய பூர்விகம் நம்மை எப்படிப்பட்ட மனிதர்களாக்க வேண்டும்?

இதற்கு விடை தேட, புதுச்சேரிக்குத் தெற்கே இருக்கும் அரியாங்குப்பம் வரையில் போனால் போதும். ரோமானியரின் மதுச்சாடிகள் கிடைத்த அரிக்கமேடு இந்த ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. புதுவையின் காவலுக்காகப் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு காலத்தில் இங்கே சிறு கோட்டை ஒன்றும் வைத்திருந்தார்கள். 1748-ல் ஆங்கிலேயர் அதைத் தாக்கினார்கள். 1760-ல் நடந்த பெரிய முற்றுகையிலும் இந்த ஊர் அகப்பட்டுக்கொண்டது. அந்த முற்றுகையில் ஒரு வேடிக்கை உண்டு. பிரெஞ்சுக் கொடியின் கீழ் ஒருவர், ஆங்கிலக் கொடியின் கீழ் ஒருவர் என்று எதிரெதிரே நின்ற தளபதிகள் இருவருமே அயர்லாந்து வழி வந்தவர்கள்!

ஆங்கிலப் படையை நடத்திய அயர் கூட், அயர்லாந்தின் லிமெரிக் பகுதியில் பிறந்தவர். புதுவையைக் காத்து நின்ற லாலி, பிரான்சிலே 1702-ல் பிறந்தவர். ஆனால் அவருடைய தந்தை கால்வே பிரதேசத்து மனிதர். 1691-ல் லிமெரிக் நகரம் ஆங்கில மன்னனின் படைக்குப் பணிந்தபோது, ஆயிரக்கணக்கான அயர்லாந்து வீரர்கள் தாய்நாட்டைத் துறந்து பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். 'காட்டு வாத்துக்கள்' என்று சரித்திரம் அவர்களை அழைக்கிறது. லாலி அந்தப் பரம்பரை. 'லாலி தொலாந்தால்' என்ற பெயரில் பின்பாதி, தந்தையின் ஊரான டல்லிநடாலி பிரெஞ்சு வாயில் புகுந்து உருமாறியதுதான். நாம் ஊரின் முதலெழுத்தைப் பெயருக்கு முன்னால் வைத்துக்கொள்வதைப் போல, அவர் ஊரையே பெயரோடு சுமந்தார். அயர்லாந்துக்காரர்களின் படையிலேயே வளர்ந்தார். ஆங்கிலேயர் மீது அவருக்கு இருந்த பகை, தாய்ப்பாலோடு ஊட்டப்பட்ட பகை. வெளிநாட்டில் பிறந்தும் பூர்விகத்தை மறவாத ஒருவரைக் காட்டச் சொன்னால், லாலியைத் தயங்காமல் காட்டலாம்.

இனி அவர் இங்கே செய்ததைப் பாருங்கள். 1758-ல் புதுவைக்கு வந்து இறங்கியதுமே யுத்தத்துக்குப் புறப்பட்டார். வண்டி இழுக்க மாடுகள் போதவில்லை. ஊர் மக்களைப் பிடித்து, அவர்கள் யார் எவர் என்று பாராமல், நுகத்தில் பூட்டினார். 1760-ன் கடைசியில், முற்றுகையிட்ட நகரத்தில் தானியம் குறைந்தபோது, ஏறக்குறைய 1,400 சுதேசிகளை, ஆண், பெண், குழந்தைகள் என்ற பேதமின்றி வெளியே துரத்தினார். ஆங்கிலப் படை அவர்களை மேலே போக விடவில்லை. திரும்பி வந்தால் கோட்டைக் கதவு திறக்கவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவே பல நாட்கள் பட்டினியில் தவித்தார்கள். பிறகே கூட் மனமிரங்கி வழி விட்டார்.

யுத்த தர்மம் வேறு என்று சிலர் வாதாடலாம். லாலிக்கு உதவிப் படையும் வரவில்லை, பணமும் வரவில்லை என்பது மெய்தான். 1761 ஜனவரியில் சரணடைந்த அவரை, 1766-ல் பாரிஸில் துரோகி என்று சிரச்சேதம் செய்தார்கள். அது அநியாயம் என்று அவர் மகன் போராடி 1778-ல் தீர்ப்பை மாற்ற வேண்டியிருந்தது. பரிதாபத்துக்குரிய மனிதர்தான்; மறுக்கவில்லை. ஆயினும் மனம் கேட்கிறது: வீடிழந்து நாடு கடந்தவரின் மகனுக்கு, மூட்டை முடிச்சோடு கதவுக்கு வெளியே நின்ற அந்த ஜனங்களைக் கண்டபோது தன் தந்தையின் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டாமா? ஊரின் பெயரை ஞாபகம் வைத்திருந்தார். ஊரைப் பறித்தவனை ஞாபகம் வைத்திருந்தார். ஊரைப் பறிகொடுப்பது எப்படி வலிக்கும் என்பதைத்தான் மறந்துவிட்டார்.

அதே அயர்லாந்து இன்னொருவரையும் நமக்குத் தந்தது. டங்கானன் என்ற ஊரில் 1867-ல் பிறந்த மார்கரெட் நோபிள், 1898-ல் கல்கத்தாவுக்கு வந்து சகோதரி நிவேதிதை ஆனார். அவரும் அடிமைப்பட்ட நாட்டின் பெண்தான். ஆனால் அந்த வேதனை அவரிடம் அந்நிய நாட்டின் வேதனையைப் புரிந்துகொள்ளும் கண்ணாக மாறியது. அவரைக் குருவாகக் கொண்ட பாரதியார், 1908-ல் புதுவைக்கு அடைக்கலம் தேடி வந்தார். லாலி தோற்ற அதே புதுவைக்கு!

இது அயர்லாந்துக் கதை மட்டுமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம்மவர்கள் ரெயூனியனுக்கும் மார்த்தினீக்குக்கும் குவாதலூப்புக்கும் கரும்பு வெட்டக் கப்பலேறினார்கள். அவர்கள் சந்ததியார் இன்றும் தீ மிதிக்கிறார்கள், மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள் என்று கேட்டு நெஞ்சம் பூரிக்கிறோம். பூரிப்பது நியாயம்தான். ஆனால் அதே நாளில், வடக்கிலிருந்து பிழைக்க வந்து நம் தெருவில் சாந்துச் சட்டி சுமக்கிறவனை எந்த வார்த்தையால் கூப்பிடுகிறோம்? அவனுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்கச் சம்மதிக்கிறோமா? பாரிஸில் வசதியாக வாழும் புதுவைக் குடும்பம், நேற்று வந்து சேர்ந்த அகதியை எந்தக் கண்ணால் பார்க்கிறது?

மொழியைக் கற்பியுங்கள், கோயிலைக் கட்டுங்கள், கிராமத்தின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். கூடவே, பாட்டனார் கப்பலேறிய அன்று கையில் என்ன இருந்தது, கரையில் யார் அழுதார்கள், இறங்கிய இடத்தில் முதல் கவளம் சோறு போட்டது யார் என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள். வாசலில் அந்நியன் ஒருவன் வந்து நிற்கும்போது, அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது அந்தச் சோறுதான்.