மிச்சத்தைப் படிக்காமல் எழுதுகிறவன்

நேற்று இருந்த பொருள் இன்றும் இருக்கிறது என்றால், அது தானாக இருக்கிறதா, ஒருவன் இருக்க வைக்கிறானா? நாகூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது ஒரு ரேம்.

மதரசா ஒன்றின் பழைய மெஷினில் இருந்த 4 ஜிபியோடு இன்னொரு 4 ஜிபி சேர்த்துத் தரச் சொன்னார் அங்கே பாடம் நடத்தும் ஹஜ்ரத். புதியதைச் சொருகியதும் திரை கறுப்பு, ஓயாத பீப் சத்தம். எங்கள் கடற்காற்றில் உப்பு அதிகம், ஸ்லாட்டில் படிவு ஏறிவிடும். ஸ்லாட்டைச் சுத்தம் செய்து, ரேமின் விளிம்பை அழிரப்பரால் தேய்த்து, கிளிப் விழும்வரை அழுத்தியதும் 8 ஜிபி காட்டியது. ஆனால் வேலை நடுவில் நீலத்திரை வந்து நின்றது. இரண்டையும் கழற்றி, ஒரே ஸ்லாட்டில் ஒவ்வொன்றாகப் போட்டு, மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓட்டினேன். பழையது சுத்தம். புதியது ஒரேயொரு சோதனையில் தோற்றது. மெமரி முழுக்க எழுதிவிட்டு, 5 நிமிடம் சும்மா இருந்து, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது.

இந்த ரேமில் ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றில் நிற்கும் மின்னூட்டம். 1960களில் ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்டு கண்டுபிடித்த அமைப்பு. மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வழக்கமாக 64 மில்லிசெகண்டுக்குள் ஒவ்வொரு வரிசையையும் படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். நமக்கு நிலையாகத் தெரியும் எழுத்து, செகண்டுக்கு 15 முறையாவது மறுபடி எழுதப்படுகிறது. புது ரேமில் சில செல்கள் அந்த இடைவெளியைக்கூடத் தாங்கவில்லை போலும்.

நான் இதை விளக்கக் கேட்டதும், "இதத்தான் தம்பி நம்ம இமாம்களும் சொல்றாங்க" என்றார் ஹஜ்ரத். பத்தாம் நூற்றாண்டில் மறைந்த இமாம் அஷ்அரியின் வழிவந்தவர்கள், நிறம், சூடு, அசைவு எதுவும் இரண்டு கணம் நிற்பதில்லை, அல்லாஹ்வே கணந்தோறும் புதிதாகப் படைக்கிறான் என்றார்கள். நெருப்புப் பட்டுப் பஞ்சு எரிவதையும் இமாம் கஸ்ஸாலி தஹாஃபுத் நூலில் அப்படித்தான் பார்க்கிறார்: எரிப்பது நெருப்பல்ல, அல்லாஹ் தன் வழக்கப்படி இரண்டையும் சேர்த்துப் படைக்கிறான். அந்த வழக்கம் பிசகாததால்தான் ஒவ்வொரு ரேமாக மாற்றிப் பழுதைப் பிடிக்க என்னால் முடிகிறது.

ஆனால் ஹஜ்ரத்தின் ஒப்புமை ஓரிடத்தில் எனக்கு ஒட்டவில்லை. மெஷின் மிச்சமிருக்கும் மின்னூட்டத்தைப் படித்துத்தான் திரும்ப எழுதுகிறது. மிச்சம் போய்விட்டால் எதை எழுதும்? இது அஷ்அரிகளைவிட பௌத்தர்களுக்கு நெருக்கம். பௌத்தம் எங்கள் ஊருக்கு அந்நியமும் அல்ல: பக்கத்து நாகப்பட்டினத்தில், முதலாம் ராஜராஜன் காலத்தில், ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரை இருந்தது. எல்லாம் கணத்தில் அழிவன, அழியும் கணம் தன் வாசனையை அடுத்த கணத்தில் பதித்துச் செல்கிறது என்பது பௌத்தத் தத்துவத்தின் பெரிய வாதங்களில் ஒன்று. ரேம் அந்த வாதத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது. அஷ்அரிகள் சொல்லும் அல்லாஹ்வுக்கோ படிக்க மிச்சம் தேவையில்லை.

இந்த வித்தியாசம் எனக்கு ஏட்டு விஷயமல்ல. என் உம்மாவின் வாப்பா, குர்ஆன் முழுவதையும் மனனம் செய்த ஹாபிழ். அதன் முப்பது ஜுஸ்வும் நெஞ்சில் இருந்தது. ஓதாமல் விட்டால் குர்ஆன் கட்டவிழ்ந்த ஒட்டகத்தைவிட வேகமாக ஓடிவிடும் என்பது நபிகள் நாயகத்தின் எச்சரிக்கை. அதற்கு அஞ்சி நாள் தவறாமல் ஓதியவர். கடைசிக் காலத்தில் மறதி நோய் வந்து, எடுத்துக் கொடுத்தாலும் குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராகூட வரவில்லை. நினைவின் தொடர்ச்சிதான் மனிதன் என்றால், மையித்து எடுக்கும் முன்பே அவர் முடிந்துபோனார். மிச்சத்தை நம்பாத ஒருவன் அவரைக் கணந்தோறும் இருக்க வைத்தான் என்றால், அவர் கடைசிவரை ஹாபிழ்தான். நான் இதையே நம்புகிறேன். மெஷின் இதற்குச் சாட்சி சொல்லாது, சொல்லவும் வேண்டாம்.

ரேமை வாங்கிய கடையில் மாற்றித் தந்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் மறதி வந்த பெரியவர் இருந்தால், 'நான் யார் தெரியுதா?' என்று தயவுசெய்து சோதித்துப் பார்க்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.