கடாரக் கரையில் ஊழ்வினை

பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போனவனுக்கு நேரும் நல்லதும் கெட்டதும் அவன் வினைப்பயன்தானா? இதைக் கேட்க மலேசியாவின் கெடாவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நம் பழைய நூல்கள் கடாரம் என்று சொல்லும் இந்தக் கரையில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக வணிகம் தேடியும் வேலை தேடியும் ஆட்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். 1834-இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி செபராங் பிறையின் வடபகுதியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். 1800-இல் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை அந்த நிலம் கெடா சுல்தானுடையது. கல்லின் நடுவே அடுக்குக் குடைகளோடு ஒரு தூபி, ஓரங்களில் சமஸ்கிருத வாசகம். கி.பி. 5-ஆம் நூற்றாண்டு என்பது அறிஞர் கணிப்பு. பொறித்தவன் புத்தகுப்தன் என்ற பெரிய மாலுமி. அறியாமையால் வினை சேர்கிறது, வினையால் பிறவி வருகிறது, ஞானம் பிறந்தால் வினை அறும் என்பது அதிலுள்ள கருத்து. அதே கல்லிலேயே பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்ற வேண்டுதலும் இருக்கிறது. மூடா ஆற்றின் பக்கம் புக்கிட் மெரியாமில் கிடைத்த கல்லும் வினை பற்றிய அதே கருத்தைச் சொல்கிறது.

வினையை நம்பியவன் எதற்காகப் பயணத்துக்கு வேண்டிக்கொண்டான்? எல்லாம் முன்பே எழுதப்பட்டிருந்தால் வேண்டுதலுக்கு வேலையே இல்லை. அவன் குழம்பிப்போய் இரண்டையும் பொறித்ததாக நான் நினைக்கவில்லை. வினைக்கொள்கையை அவன் தன் வாழ்க்கையை ஒழுங்கு செய்துகொள்ளப் பிடித்துக்கொண்டான். காற்றையும் அலையையும் அதனிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அந்தக் கல்லிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: வினை என்பது ஒருவன் தன்னைப் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. அடுத்தவனின் துன்பத்துக்கு விளக்கமாக அதை எடுத்து நீட்டினால் சமயமும் கெடும், நியாயமும் கெடும்.

ரப்பர் தோட்டத்துத் தமிழர் வரலாற்றில் அப்படி எடுத்து நீட்டியது ஏராளம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ‘ராஜுலா’ போன்ற கப்பல்களில் ஏறி, பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டு, பிறகு பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கத்துத் தோட்டங்களின் லயங்கள் என்ற வரிசை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தவர்களுக்கு நேர்ந்ததையெல்லாம் ‘தலையெழுத்து’ என்ற ஒரே சொல்லில் மூடிவிட்டார்கள். அந்தத் தலையெழுத்தை எழுதிய கைகள் யாருடையவை என்பது ஆவணங்களிலேயே இருக்கிறது. ஆள் பிடித்துக் கொடுத்த கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் போயிற்று. 1929-க்குப் பின் உலகச் சந்தையில் ரப்பர் விலை சரிந்ததும் கூலி குறைந்தது; லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1942-43-இல் ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். இவை ஒவ்வொன்றும் முடிவெடுத்த மனிதர்களின் செயல். செத்தவனின் முற்பிறப்பில் இதற்குக் காரணம் தேடுவது, முடிவெடுத்தவனைக் கணக்கிலிருந்து விடுவிப்பதாகும்.

மழையை வைத்து இதை இன்னும் நெருக்கமாகப் பார்க்கலாம். இருட்டோடு பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு நிரைக்குப் போகிறவரால், பட்டை நனைந்திருந்தால் பால்மரத்தில் உளி வைக்க முடியாது. வெட்டிய பிறகு மழை பிடித்தால் மங்கில் சேர்ந்த பால் தண்ணீரோடு கலந்து வழிந்து ஓடும். காலை வேலை அத்தனையும் வீண். ஆகவே தோட்டத்து அம்மன் முன் நிற்பவரின் வேண்டுதல், பால் எடுத்து முடியும்வரை மழை வரக்கூடாது என்பது. கொஞ்ச தூரத்தில், நாட்டின் நெற்களஞ்சியமான மூடா சமவெளியில் மலாய் விவசாயி மழை வேண்டும் என்று தொழுகிறார். ஒரே மேகம், இரண்டு வேண்டுதல். பெய்கிற மழை ஒருவரின் புண்ணியத்தையும் மற்றவரின் பாவத்தையும் கணக்குப் பார்த்துப் பெய்கிறது என்று அறிவுள்ள யாரும் சொல்லமாட்டார். ஆனால் மழை பெய்த நாளில் கூலி கிடையாது என்பது மேகம் போட்ட விதி அல்லவே. நாட்கூலி முறை அதைப் போட்டது. மனிதர் போட்ட விதியை மனிதர் மாற்றலாம். 2013 ஜனவரியில் மாதம் 900 ரிங்கிட் என்ற குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்தது அப்படித்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. வேறு எந்த ஆதரவும் இல்லாத மக்களுக்கு ‘நம் வினை’ என்ற எண்ணம் மனம் உடையாமல் காத்ததே, அதையும் பிடுங்குவதா? பிடுங்க வேண்டாம். ஒரு தாய் தன் துயரத்துக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதலில் தலையிட யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அதே சொல் கிராணி எனப்படும் தோட்டத்து எழுத்தரின் வாயிலும் மேடைப் பேச்சாளரின் வாயிலும் வரும்போது அது ஆறுதலாக இருப்பதில்லை, வாயை அடைக்கும் உத்தரவாகிவிடுகிறது. தோட்டத்து மக்கள் ஆறுதலோடு நின்றுவிட்டார்கள் என்பதும் உண்மையல்ல. போருக்குப் பின் கெடாவில் ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை, தோட்டந்தோறும் இருந்த கள்ளுக்கடைகளுக்கு எதிரே மறியல் செய்தது. சாமி கும்பிட்டவர்கள்தாம் அதில் சேர்ந்தார்கள். 1947-இல் போலீசாரோடு மோதல் முற்றித் தொழிலாளர்கள் உயிரையே கொடுத்தார்கள். குடியை விதி என்று அவர்கள் ஏற்றிருந்தால் அந்த மறியலுக்கு இடமே இருந்திருக்காது.

சாத்திரம் அறிந்தவர்கள் இன்னொரு மறுப்பு சொல்வார்கள்: வினையின்றி எதுவும் நேராது என்பதுதானே கொள்கை? பௌத்தத்திலேயே அப்படி இல்லை. சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்ற துறவி இதையே கேட்கிறான். பித்தம், கபம், வாயு, பருவ மாற்றம், பிறரின் தாக்குதல் என்று பல காரணங்களை அடுக்கி, வினையை அவற்றுள் ஒன்றாக மட்டுமே வைக்கிறார் புத்தர். சைவ சித்தாந்தம் இன்னும் கூர்மையானது. நுகர்ந்து தீர்ப்பது பிராரத்தம். இப்போது செய்து சேர்ப்பது ஆகாமியம். பக்கத்து லயத்தில் ஒருவன் பட்டினி கிடப்பது அவனுடைய பிராரத்தமாகவே இருந்து போகட்டும். அதைப் பார்த்துக்கொண்டு நான் பேசாமல் இருப்பது என் ஆகாமியம். இந்தக் கணக்கை நம் சொற்பொழிவுகளில் கேட்க முடிவதில்லை. விரும்பித்தானே கப்பல் ஏறினார்கள் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மழை பொய்த்துக் கடன் கழுத்தை நெரித்த ஊரிலிருந்து கிளம்பியவனின் விருப்பத்துக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

கெடாவுக்குச் சொந்தமான லங்காவித் தீவிலும் இந்தக் கேள்வி உண்டு. பொய்ப்பழி சுமத்திக் கொல்லப்பட்ட மாசூரி, ஏழு தலைமுறைக்குத் தீவு உருப்படாது என்று சபித்ததாக மலாய் மரபு சொல்கிறது. 1821-இல் சயாம் படை வந்ததையும் பின்னர் நீடித்த வறுமையையும் சாபத்தின் கணக்கில் எழுதினார்கள். 1987-இல் தீவு தீர்வையற்ற பகுதியாக்கப்பட்டு விடுதிகள் எழுந்ததும், சாபம் தீர்ந்தது என்றார்கள். பழி சொன்னவர்களை மறக்க விடாத கதை என்ற அளவில் மாசூரி கதை போற்றத்தக்கது. ஆனால் அங்கே வேலைக்குப் போகிறவனின் ஏற்ற இறக்கத்துக்கு அது விடை ஆகாது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் விடுதிகள் ஓய்ந்தன. 2021 செப்டம்பர் 16-இல் உள்நாட்டுப் பயணிகளுக்குத் தீவைத் திறந்துவிட்டதும் மறுபடி ஆள் எடுத்தார்கள். இடையில் அடுப்பு எரிந்ததா இல்லையா என்பதைத் தீர்மானித்தது சேமிப்பும் அரசு உதவியும் சம்பளம் நிறுத்தாத முதலாளியின் மனசாட்சியும்தான்.

இப்போது அந்த விடுதிகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும் நம்மவரோடு வங்கதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் உழைக்கிறார்கள். நம் பாட்டனைப் போல முகவருக்குக் கடன்பட்டு வந்தவர்கள் அவர்களில் பலர். அவர்கள் படும் பாட்டைப் பார்த்து ‘அவங்க விதி’ என்று நாமே சொல்லத் தொடங்கினால், நம் முன்னோருக்குச் சொல்லப்பட்டதை நாமும் ஆமோதித்தவர்கள் ஆவோம். கெடாவின் கோயில் நிர்வாகத்தினரையும் திருவிழா மேடையில் பேச வருபவர்களையும் கேட்டுக்கொள்வது இதுவே: வினையைப் பற்றிப் பேசுங்கள், கேட்பவர் தம் செயலை எண்ணிப் பார்க்கும்படி பேசுங்கள். வேலை போய் நிற்பவனிடம் முற்பிறப்பைச் சொல்லாதீர்கள். 2018 முதல் நடப்பில் இருக்கும் பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைக் காப்பீட்டுக்கு எப்படி மனுப் போடுவது என்று சொல்லுங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவரைக் கோயில் மண்டபத்தில் உட்கார வையுங்கள்.